பல்லடத்தில் மகளுக்கு இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்ட கடை

இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட நல்ல பிரவுசிங் சென்டர் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு அக்கா தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். உட்கார நாற்காலி பத்தாது, கூட்டம் இருந்தால் வெளியே வெயிலில்தான் நிற்க வேண்டும்.

இங்கே வருவதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு அட்மிஷன் கன்சல்டன்ட்டிடம் போயிருந்தேன். நான் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். நானும் மனைவியும் பத்தாவது தாண்டவில்லை, பையன் மட்டும் பாலக்காட்டில் பி.காம் முடித்தான். அதைக் கேட்டதும் அந்த ஆள், "பையன் படிச்சது கேரளாவுலதானுங்க, இங்க யாருக்குத் தெரியப் போகுது? புள்ளைக்கு முதல் பட்டதாரி போட்டுரலாம்" என்றார். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் கிடைக்கிற சலுகை அது. தனியார் கல்லூரி என்றால் கல்விக் கட்டணத்தில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் குறையும், நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் வைத்து இதைப் பேசியபோது மகள் கேட்டாள், "அப்போ ஹால்ல மாட்டியிருக்கற அண்ணன் பட்டமளிப்பு போட்டோவைக் கழட்டி வெச்சுருவீங்களாப்பா?" அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

சரி, கடைக்கு வருகிறேன். அந்த அக்கா கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாச் சான்றிதழின் அசலையும் மேஜை மேல் வைக்கச் சொன்னார். நகலைக் கையில்கூட வாங்கவில்லை. "வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களாங்கண்ணா?" என்று அவரே கேட்டார். பையன் இருக்கிறான் என்றதும், அப்படியானால் முதல் பட்டதாரி கிடையாது என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். அந்தச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும், பின்னால் பொய் என்று தெரிந்தால் மாட்டுவது அந்தக் கையெழுத்துத்தான் என்றார். 2019-ல் நீட் ஆள்மாறாட்டத்தில் தேனி மருத்துவக் கல்லூரி மாணவரும் அவருடைய அப்பாவும் கைதான செய்திதான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொரு பையனிடம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒவ்வொரு வகுப்பாகப் பள்ளிக்கூடம் பேர் கேட்டார். அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அவன் ஆறாவது மட்டும் தனியாரில் படித்தவன், அதனால் அந்தக் கட்டத்தை டிக் செய்யவில்லை. அவன் அம்மாவுக்கு வருத்தம்தான். என்னைக் கேட்டால் செய்தது சரி. முதல் பட்டதாரியில் பொய் சொன்னால் போவது அரசாங்கப் பணம், இதில் பொய் சொன்னால் உண்மையிலேயே அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையின் சீட்டே போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்கேன் விஷயம். மகளின் சாதிச் சான்றிதழை நாங்கள் லேமினேட் செய்து வைத்திருந்தோம். ஸ்கேன் எடுத்தால் வட்டாட்சியர் முத்திரை மேல் வெளிச்சம் அடித்து அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கோணம் மாற்றி மாற்றி நாலு தடவை எடுத்தார். "சரிபார்க்கறவங்க உங்க அம்மிணியைப் பார்க்கப் போறதில்லைங்கண்ணா, இந்தப் பேப்பரைத்தான் பார்ப்பாங்க" என்றார். 2018, 2019-ல் சேவை மையத்துக்கு நேரில் போய் அசலைக் காட்டினார்கள், 2020-லிருந்து எல்லாம் ஆன்லைன்தான். அதற்கும் முன்னால் என் மச்சான் மகன் கலந்தாய்வுக்கே சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை கிண்டியில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனான், அந்த அலைச்சல் இப்போது இல்லை. ஆனால் முத்திரை தெரியாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி பதிவேற்ற வேண்டும். எங்களுடையது ஒரே தடவையில் சரியாகிவிட்டது.

செலவு: பதிவுக் கட்டணம் 500 (எஸ்சி, எஸ்டிக்கு 250), கடைக்கு 200. கடைசியில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மகள் கையில் கொடுத்து, வரிவரியாகப் படித்து அவள் சரி என்று சொன்ன பிறகுதான் சமர்ப்பித்தார். பாஸ்வேர்டையும் அவளையே போடச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியம் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிடுவார். அசல் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.