சின்னப் பெட்டிக்கு ராமும் எஸ்எஸ்டியும்: கடலூர் உப்புக்காற்றில் உழைத்துப் பார்த்த அனுபவம்

பழைய மினி கம்ப்யூட்டர் இழுக்கிறது என்பதற்காக அதை எடைக்குப் போட வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள், ராம் (வேலை ஓடும்போது ஃபைலைத் தாங்கும் மெமரி) அதற்கு அடுத்து. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டிக்கே கொடுங்கள். சில வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வரும் சாமிகளுக்கான பேனர், தைப்பூசம் வந்தால் வடலூர் அன்னதான நோட்டீஸ் என்று வேலை. மேஜையில் இருப்பது ஒரு லிட்டர் அளவுப் பெட்டி. லெனோவோவில் டைனி, டெல்லில் மைக்ரோ, எச்பியில் மினி என்று விற்கிறார்களே, அந்த ரகம். 8-ஆம் தலைமுறை ஐ5, 35 வாட் பிராசஸர். ஆபீஸ்களில் ஓடி முடித்து செகண்ட் ஹேண்டில் வந்தது. வாங்கும்போது 8 ஜிபி ராம் ஒன்று, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று.

பேனர் வேலையில்தான் அது திணறியது. கணக்கைப் பாருங்கள். 20-க்கு 10 அடி பேனரை 72 ரெசொல்யூஷனில் (இஞ்சுக்கு 72 பிக்சல்) திறந்தால் 17,280-க்கு 8,640 பிக்சல். சிஎம்ஒய்கே-யில் (பிரிண்டுக்கான நான்கு நிற முறை) முழுதும் நிறைந்த ஒரு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 600 எம்பி வருகிறது. பின்னணி, கோபுரம், சாமி படம், விழாக்குழுவினர் வரிசை என்று லேயர் ஏற ஏற 8 ஜிபி எங்கே போதும்? ராம் நிறைந்ததும் போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அந்த டிஸ்க் சுற்றும் தட்டாக இருந்தால், ஒரு அன்டூ கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம்.

எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கே, அதே 8 ஜிபியில், ஆள் மாறிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கின் முள் இடம் தேடி ஓட வேண்டும், வினாடிக்கு நூறு சொச்சம் தேடல்தான் முடியும். எஸ்எஸ்டியில் ஓட வேண்டிய பாகமே இல்லை. விண்டோஸ் திறப்பதும் ஃபான்ட் பட்டியல் விரிவதும் இந்தச் சின்னச் சின்னத் தேடல்களால்தான் நடக்கின்றன. ஆயிரக்கணக்கில் தமிழ் ஃபான்ட் ஏற்றி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எஸ்எஸ்டி கம்ப்யூட்டரோடு பேசுவதில் சாட்டா என்ற பழைய முறையும் என்விஎம்இ என்ற வேகமான முறையும் உண்டு; எது வாங்குவது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை போகும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை. எண்ணில் ஆறு மடங்கு. வேலையில் அந்த ஆறு மடங்கு தெரியாது, பெரிய பேனரை சேவ் பண்ணும்போது மட்டும் தெரியும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவத்தில் என்விஎம்இ மட்டுமல்ல, சாட்டாவும் வருகிறது, பார்க்க ஒன்று போலவே இருக்கும். உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்று மாடல் நம்பர் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். என் பெட்டியில் எம்.2-வோடு இரண்டரை இஞ்ச் இடமும் இருப்பதால் விண்டோஸும் நடப்பு வேலையும் என்விஎம்இ-யில், முடிந்த வேலைகள் சாட்டா எஸ்எஸ்டியில்.

ராமுக்கு வருவோம். இந்தப் பெட்டிகளில் லேப்டாப் ராம்தான், சோடிம் என்று கேட்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, திரைக்கு வேண்டிய மெமரியும் இதே ராமிலிருந்துதான் போகிறது. அதனால் ஜோடியாகப் போடுவது முக்கியம். 2666 வேக டிடிஆர்4 (ராமின் தலைமுறைப் பெயர்) ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 21 ஜிபி சொச்சம் பாயும், இரண்டு இருந்தால் 42. இன்னொரு 8 போட்டதும் நோட்டீஸ் வேலைக்குத் தாராளமாக இருந்தது. பேனருக்காகப் பின்னாளில் இரண்டு 16 போட்டேன். பத்திரிகை, நோட்டீஸ் மட்டும் அடிக்கிறவர்களுக்கு 32 வீண் செலவு.

பக்கத்து ஸ்டூடியோ தம்பி, “ராம் மட்டும் ஏத்துனா போதுமாண்ணே?” என்று கேட்டான். “மொதல்ல அந்த டிஸ்க்கத் தூக்குப்பா” என்றேன். இப்போது அவனும் ஆல்பம் வேலையை நிம்மதியாகப் பார்க்கிறான்.

நம்ம ஊருக்கென்று இரண்டு சங்கதி உண்டு. ஒன்று உப்பு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது இங்கே கொட்டிய மழையில் கரண்ட் போய், பெட்டி ஈரக்காற்றில் சும்மா கிடந்தது. திரும்ப ஆன் பண்ணினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. ராமின் தங்க நிறக் காலில் உப்பு ஈரம் படிந்தால் இப்படித்தான் ஆகும். பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டினால் வந்துவிடும். ரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

இன்னொன்று சூடு. என்விஎம்இ இந்தப் பெட்டிகளில் காற்று அதிகம் போகாத மூலையில் உட்கார்ந்திருக்கும். சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கத்திரி வெயிலில் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறேன். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் ஒன்றும் ஒட்டியிருக்கிறேன், மூடி மூட இடிக்காத மெல்லிய ரகம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: டிடிஆர்4 சோடிமில் 260 பின் (கால்), அடுத்த தலைமுறை டிடிஆர்5-இல் 262 பின், வெட்டு இருக்கும் இடமும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. 2025 கடைசியில் ராம் விலை ஏறியது; புதிது கட்டுப்படியாகவில்லை என்றால் செகண்ட் ஹேண்டில் தேடுவது தப்பில்லை, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். 500 ஜிபிக்கு 300 டெராபைட் எழுதும் வரை என்று வாரண்டியில் போட்டிருப்பார்கள், பழையதில் எவ்வளவு எழுதித் தீர்த்தார்களோ. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் என்னுடையது இன்னும் 90 சதவீதத்துக்கு மேல் ஆரோக்கியம் காட்டுகிறது.

ஆனாலும் ஹார்ட் டிஸ்க் போகும் முன் பல நேரம் சத்தம் கொடுக்கும், எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, முடிந்த வேலைகளை வாரா வாரம் அதில் நகல் எடுத்து வைக்கிறேன்.