டாக்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா: கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கத்துப் பாலிசிக்காரர்களுக்கு

பல வருடம் பிரீமியம் கட்டி, க்ளெய்மும் வாங்கியவர்கள்கூட கால் சென்டரைக் கூப்பிட்டு, “இந்த டாக்டர் எங்க பாலிசியில வருவாரா?” என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பாலிசிகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடுதான், டாக்டரோடு இல்லை. மார்த்தாண்டத்தில் சாயங்காலம் கிளினிக்கில் பார்க்கிறவர் ஆபரேஷனைத் திருவனந்தபுரத்தில் செய்வார். கிளினிக் ஃபீஸ் ஓபி, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கிற கணக்கு. ஓபி சேர்த்து எடுக்காத பாலிசியில் அது நம் கைக்காசு. ஆகவே டாக்டரிடமே கேளுங்கள்: “அட்மிஷன் எந்த ஆஸ்பத்திரியில? உங்க ஃபீஸ் அந்த பில்லுக்குள்ள வருமா, தனியா கொடுக்கணுமா?”

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆப்பில் உள்ள நெட்வொர்க் பட்டியலை, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலை, முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடினால் 629 பின்கோடு ஆஸ்பத்திரிகள் வரும். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற நெய்யாற்றின்கரை வராது, அதற்கு 695 போட வேண்டும். ‘திருவனந்தபுரம்’, ‘ட்ரிவாண்ட்ரம்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரே குழும ஆஸ்பத்திரியில் ஒரு கிளை பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. வேலை பார்க்கிற கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி என்றால், அதன் டிபிஏவின் (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கவனிக்கிற நிறுவனம்) பட்டியலே கணக்கு.

அடுத்து ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கைக் கூப்பிடுங்கள். பாலிசியின் முழுப்பெயர், டிபிஏ பெயர், டாக்டர் பெயர், சிகிச்சை நான்கையும் சொல்லிக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வந்து போகிற விசிட்டிங் டாக்டர் சில இடங்களில் பேக்கேஜ் ரேட்டுக்கு, அதாவது சிகிச்சைக்கு முன்பே பேசி வைத்த மொத்தத் தொகைக்கு, சம்மதிக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) இருக்கும், அவருக்கு இருக்காது. இதை எந்த ஆப்பும் சொல்வதில்லை, டெஸ்க்கில் இருக்கிறவர் சொல்வார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்றால் துறையையும் பார்க்க வேண்டும். இதயத்துக்கு அனுமதி வாங்கிய இடம் எலும்புக்கும் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஃபீஸ் அதிகம் அடிவாங்குவது ரூம் வாடகையால். மூன்று லட்சம் பாலிசியில் ரூம் வரம்பு 1 சதவீதம் என்றால் ஒரு நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 4,500 ரூபாய் ரூம் எடுத்தால், 60,000 ரூபாய் சர்ஜன் ஃபீஸில் 40,000 மட்டுமே வரும். மீதி 20,000 ரூமுக்காக இல்லை, அந்த விகிதத்தில் வெட்டியதற்காக. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட்களில் இந்த வெட்டு கூடாது. ஃபைனல் பில்லில் அதைச் சரிபாருங்கள். திருவனந்தபுரத்து ரூம் வாடகையை நாகர்கோவில் கணக்கில் நினைத்துப் போகாதீர்கள்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் வழி அடைபடவில்லை. 2024 ஜனவரியில் வந்த ‘கேஷ்லெஸ் எவ்ரிவேர்’ ஏற்பாட்டில் அங்கேயும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட அட்மிஷனுக்கு 48 மணி நேரம் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். ஆஸ்பத்திரி சம்மதிக்காவிட்டால் நாமே பணம் கட்டி, பிறகு பில்லைக் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்குவதுதான். டாக்டருக்குத் தனியாகக் கொடுத்த ஃபீஸையும் பல பாலிசிகளில் கேட்கலாம், ஆனால் எண்ணிட்ட ரசீது இருக்க வேண்டும். துண்டுச்சீட்டு செல்லாது. கேரளக் கவுன்சிலில் பதிவான டாக்டர் என்பதற்காக தமிழ்நாட்டில் எடுத்த பாலிசியில் க்ளெய்மை மறுக்க முடியாது; எந்த மாநில மருத்துவக் கவுன்சில் பதிவும் போதும்.

ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வெப்சைட்டில் விலக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளின் பட்டியல் தனியாக இருக்கும். அங்கே சேர்ந்தால் ரீஇம்பர்ஸ்மென்ட்கூடக் கிடையாது. உயிருக்கு ஆபத்தான நிலை, விபத்து என்றால் நிலைமை சீராகும்வரையான செலவு மட்டும் வரும்.

அட்மிட் ஆவதற்கு முந்திய ஓபி சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். க்ளெய்ம் ஏற்கப்பட்டால், அதே நோய்க்காக முன் 30 நாள், பின் 60 நாள் டாக்டர் ஃபீஸும் டெஸ்ட்டும் பல பாலிசிகளில் திரும்பி வரும். ஆயுர்வேதத்துக்கு எல்லை தாண்டுகிறவர்கள் குறைந்தது 5 படுக்கை உள்ள பதிவுபெற்ற ஆஸ்பத்திரிதானா என்று பாருங்கள். உடம்பு தேற என்று ரிசார்ட்டில் படுத்து உழிச்சல் (எண்ணெய் மசாஜ்) செய்துகொண்டால், பில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காசு வராது.