பயனாளியைப் பயனர் ஆக்கிய ஜெராக்ஸ் கடை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் மனு டைப் செய்து தரும் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பழைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, அதை மாற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று மாமாவோடு போயிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது அந்த 8,000 ரூபாய் பெரிய காசு.

டைப்பிங் வேகம், எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் ‘பயனாளி’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘பயனர்’. இரண்டும் ஒன்றுதானே அண்ணே என்றார் கடைத் தம்பி. ஒன்றில்லை. ஆப்பைப் பயன்படுத்துகிறவர் பயனர், திட்டத்தில் உதவி பெறுகிறவர் பயனாளி. ‘பயனாளர்’ என்ற சொல்தான் குழப்பம், அதை இரண்டுக்கும் எழுதுகிறார்கள். போன வருஷம் ஏதோ ஆப்பில் ‘பயனாளர் பெயர்’ (யூசர்நேம்) என்று கேட்டதற்கு மாமா இனிஷியலோடு தன் முழுப் பெயரை அடித்துவிட்டு, ஆப் ‘தவறு, தவறு’ என்று சொன்னதும் “எம் பேரு எனக்குத் தெரியாதா மாப்ளே?” என்று கத்தினார்.

நோய் உள்ளவர் நோயாளி, கடன் உள்ளவர் கடனாளி, பயன் பெறுகிறவர் பயனாளி என்று விளக்கினேன். மாமா உடனே, “அப்ப நான் ரெண்டாவது ஆளு, டீசல் பாக்கி இருக்குல்ல” என்றார்.

தம்பி சிரித்துக்கொண்டே திருத்தினார், ஆனால் மறுபடி பிரிண்ட் எடுத்ததற்கு 10 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார், அது கொஞ்சம் ஓவர். ஐந்துக்கு மூன்று ஸ்டார். காலையில் சீக்கிரம் போங்கள், மதியம் கரண்ட் போனால் உட்கார நிழல்கூட இல்லை.