30 வயதைக் கடந்த எம்எக்ஸ்-5 காருக்கு கோனி ஸ்போர்ட் ஷாக் அப்சார்பர்: ஒரு மதிப்புரை

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை உற்பத்தியில் இருந்தது. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையும், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனும் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு) கொண்ட இந்தச் சிறிய காரின் சுகம் வேகத்தில் இல்லை. சாலை சொல்வதை உடனுக்குடன் ஓட்டுநரின் கைக்கும் இடுப்புக்கும் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் இருக்கிறது. ஆகவே இதன் ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனால், காரின் பாதி உயிரே போய்விட்டது என்று சொல்வேன்.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டின் 1.6 லிட்டர் கார். டொராண்டோவில் குளிர்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்புக்குப் பயந்து, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதை வெளியே எடுப்பதில்லை. நான் வாங்கியபோது, முந்தைய உரிமையாளர் தோற்றத்துக்காகக் காரை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பொருத்தியிருந்தார். ஷாக் அப்சார்பர்களோ காருடன் வந்த பழையவை. பம்பரை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையில் கார் தேறிவிட்டது. ஆனால் பின்சக்கர டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவியபோது, ரப்பர் சீரான வட்டமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. சக்கரம் சாலையை விட்டு எழும்பி எழும்பி விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கடையில் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எது எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் விழும்போது வரும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. அந்த ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக்கித் தீர்ப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் பல ஆண்டுகளானாலும் விறைப்பை அவ்வளவாக இழப்பதில்லை. துருப்பிடித்துக் கம்பி மெலிந்தால்தான் ஆபத்து. விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் மடிக்கேற்ப மாறுவதால், விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் ஸ்பிரிங் 46 சதவீதம் விறைப்பாகிவிடும். ஷாக் அப்சார்பரோ ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போகும். தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை. எனவே பழைய காருக்கு முதலில் ஷாக் அப்சார்பரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேடுவதே சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இந்தக் காரில் தாழ்த்தும் ஸ்பிரிங் ஏன் பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் சக்கரம் மேலெழுவதற்கு இருக்கும் இடைவெளியே குறைவு. அதில் 30 மில்லிமீட்டரை எடுத்துவிட்டால், ஷாக் அப்சார்பரின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பின் மேலேயே கார் பாதி நேரம் உட்கார்ந்திருக்கும். வளைவின் நடுவே ஒரு சிறு மேடு வந்தால் அந்த ரப்பர் முழுவதும் அமுங்கி, அந்தச் சக்கரத்தின் விறைப்பு ஒரே கணத்தில் பன்மடங்காகி, டயர் பிடியை விட்டுவிடுகிறது. பின்பக்கம் திடீரென்று வழுக்குவதாகப் பலரும் சொல்லும் குறைக்கு, நான் பார்த்த கார்களில், இதுதான் காரணம். தாழ்த்தியே ஆக வேண்டும் என்பவர்கள், அடுத்த தலைமுறைக் காரின் மேல் மவுண்டை, அதாவது ஷாக் அப்சார்பரின் உச்சியைக் காரோடு இணைக்கும் பாகத்தை, பொருத்தினால் தண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

என் பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. கேஒய்பி எக்செல்-ஜி இரட்டைக் குழாய் அமைப்பு, விலை குறைவு, புதிய கார் ஓடியதுபோல ஓடினால் போதும் என்பவருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பில்ஸ்டைன் ஒற்றைக் குழாய் அமைப்பு. உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன் இருப்பதால் தொடர்ந்து வேகமாக ஓட்டினாலும் எண்ணெய் நுரைப்பதில்லை. அதில் பி6 சாதாரண உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு என்பதை ஆர்டர் செய்யும்போது கவனிக்க வேண்டும். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் நானும் அதையே எடுத்திருப்பேன்.

நான் எடுத்தது நெதர்லாந்தின் கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகை. இதில் ரீபவுண்டை, அதாவது சக்கரம் கீழே இறங்கும்போது தரும் எதிர்ப்பை மட்டும், தண்டின் உச்சியில் இருக்கும் குமிழைத் திருகி மாற்றலாம். ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டியதில்லை. முன்பக்கத்துக்கு பானெட்டைத் திறந்தால் போதும், பின்பக்கத்துக்கு டிக்கியைத் திறந்தால் போதும். அமுக்கும்போது வரும் எதிர்ப்பு மாறாது என்பதால், குமிழை எவ்வளவு இறுக்கினாலும் கூரிய பள்ளத்தின் அடி முதுகுக்கு ஏறுவதில்லை. இந்தக் குணத்துக்காகவே நகரச் சாலையில் ஓடும் பழைய காருக்கு இதை முதலிடத்தில் வைக்கிறேன். ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் கம்பி வளையத்துக்கு ஷாக் அப்சார்பரின் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் உண்டு. இருபுறமும் ஒரே பள்ளத்தில் வளையம் உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்பிரிங்கை ஏற்றுவதற்கு முன்பே விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்குக்கு, இதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து தொழிற்சாலை ஸ்பிரிங்குகளை வாங்கித் துருவைத் தேய்த்து, ஜோடிகளின் நீளம் ஒத்திருக்கிறதா என்று அளந்து பொருத்தினேன். மேல் மவுண்டுகளையும் பம்ப் ஸ்டாப்களையும் அப்போதே புதிதாக மாற்றிவிட்டேன். 30 ஆண்டு பழைய ரப்பர், கையில் எடுத்ததும் வெல்லம்போல் உதிர்ந்தது. ஷாக் அப்சார்பருக்குப் பணம் கொடுத்துவிட்டு இவற்றில் மிச்சம் பிடிப்பவர்கள், சில மாதங்களில் அதே வேலையை மறுபடி செய்வார்கள்.

வேலையை ஒரு பணிமனையில் கொடுத்திருந்தேன். கார் திரும்பி வந்தபோது பின்பக்கம் எதிர்பார்த்ததைவிட 12 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளை, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோதே இறுக்கிவிட்டிருந்தார்கள். கை அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு பிடித்துக்கொள்வதால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்பிரிங்காகி விடுகிறது. சீக்கிரம் கிழியவும் செய்கிறது. நானே போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, சில முறை அழுத்திவிட்டு மறுபடி இறுக்கியதும் உயரம் சரியாகிவிட்டது. வீல் அலைன்மென்ட்டை அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். முன்பே செய்தால் அந்தச் செலவு வீண்.

குமிழை மிக மென்மையான நிலையிலிருந்து முன்னே முக்கால் சுற்றும், பின்னே அரைச் சுற்றும் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு ரயில் பாதைக் கடவை இருக்கிறது. முன்பெல்லாம் அதைக் கடந்ததும் பின்பக்கம் இரண்டு முறை எகிறிவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கும். இப்போது தண்டவாளத்தின் இரண்டு தட்டுகள் மட்டும் தனித்தனியாகக் கேட்கின்றன, ஸ்டியரிங் கையில் அசைவதில்லை.