தோண்டும் டயரா, தழுவும் டயரா? கரட்டுப் பாதைக்கான பின்சக்கரத் தேர்வு

மழை விட்ட மறுநாள் ஒரு களிமண் சரிவில் மோட்டார்சைக்கிளில் ஏறப் பார்த்தேன். பின்சக்கரத்தில் இருந்தது, பாறைக்கென்றே வாங்கிய மென்ரப்பர் டயர். முந்தைய வாரம்தான் அது முழங்கால் உயரப் பாறைப் படிகளில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு ஏறியிருந்தது. களிமண்ணிலோ முப்பது அடிகூடப் போகவில்லை. இறங்கிப் பார்த்தேன். பட்டன்களுக்கு, அதாவது டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு, நடுவில் சேறு அப்பி, சக்கரம் முழுவதும் வழவழப்பான ஒரே உருளையாகிவிட்டிருந்தது. விரலால் சுரண்டிய பிறகுதான் உள்ளே பட்டன் இருப்பதே தெரிந்தது. கூட வந்த நண்பரின் வண்டியில் உயரமான, இடைவெளி அகன்ற பட்டன்கள் கொண்ட டயர். அது சேற்றை வாரி இறைத்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து டயர் வாங்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: நான் ஓட்டப்போகும் தரை தோண்டினால் இடம் கொடுக்குமா, கொடுக்காதா? இடம் கொடுக்கும் தரையில் டயர் மண்ணுக்குள் இறங்கி, அதைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை நகர்த்த வேண்டும். இடம் கொடுக்காத தரையில் மேற்பரப்பைத் தழுவிப் பிடிக்க வேண்டும். ஒரே டயர் இரண்டு வேலையையும் நன்றாகச் செய்யாது.

மென்மையான தரைக்குக் கெட்டி ரப்பர்

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மென்தரை டயரின் பட்டன்கள் உயரமானவை, தள்ளித் தள்ளி நிற்பவை. அவ்வளவு உயரமான பட்டன் மென்மையான ரப்பரில் இருந்தால், மண்ணைத் தள்ளுவதற்குள் தானே வளைந்துவிடும். அதனால் அதற்குப் பொதுவாகக் கெட்டியான ரப்பர் கலவை. கெட்டித் தரை டயரின் கதை வேறு. இறுகிய மண்ணிலோ பாறையிலோ பட்டன் இறங்காது என்பதால், குட்டையான பட்டன்களை நெருக்கமாக வைத்து, தரையைத் தொடும் ரப்பரின் பரப்பைக் கூட்டுகிறார்கள். ரப்பரும் மென்மையாக இருக்கும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை டயரே காட்டிக்கொடுக்கும். மென்தரை டயரைப் பாறைப் பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, பட்டனைக் கையால் மடக்கிப் பாருங்கள். அடிப்பாகத்தில், விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். அடுத்த சில பயணங்களில் அந்தப் பட்டன் பிய்ந்து போய்விடும். ஓட்டும்போதும் வளைவுகளில் பின்பக்கம் நெளிவது இடுப்புக்குத் தெரியும்.

டன்லப்பின் வரிசையை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவு தெளிவாகப் புரியும்: மணலுக்கும் சேற்றுக்கும் எம்எக்ஸ்14, மென்மையிலிருந்து நடுத்தரம் வரை எம்எக்ஸ்34, நடுத்தரத்திலிருந்து கெட்டித் தரை வரை எம்எக்ஸ்53. மற்ற நிறுவனங்களின் பெயர்கள் வேறு, தர்க்கம் இதுதான்.

சேறும் மணலும் ஒன்றல்ல

இரண்டும் இளகிய தரைதான், ஆனால் சேறு ஒட்டும், மணல் ஒட்டாது. சேற்றில் முக்கியம், அப்பியதை உதறும் திறன். அது பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தது. அடியில் கெட்டித் தரை இருக்கும் மேலோட்டமான சேறு என்றால், சற்றே ஒடுங்கிய டயர் அதைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். மணலுக்கோ துடுப்புபோலக் குறுக்காக வரிசை கட்டிய பட்டன்கள் வேண்டும். ஆழமான மணலில் அது தரும் உந்துதலுக்கு இணையே இல்லை. ஆனால் இறுகிய தரைக்கு வந்ததும் தடதடக்கும், சாய்ந்து திரும்பும்போது பிடிப்பும் குறையும். பாதையில் பாதிக்குமேல் மணல் இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம்.

மணலும் களியும் கலந்த இருவாட்டி மண்ணுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நடுத்தர டயர் எதுவானாலும் நன்றாக ஓடும்.

பாறையும் வேர்களும்: ட்ரையல்ஸ் டயரா, மென்ரப்பர் எண்டூரோ டயரா?

உண்மையான போட்டி இங்கேதான். ட்ரையல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மரக்கட்டை போன்ற தடைகளை மெதுவாகக் கடக்கும் போட்டி; எண்டூரோ, கரட்டுப் பாதையில் நீண்ட தூரம் ஓடும் போட்டி. ட்ரையல்ஸ் டயர் மென்மையான ரப்பர், சின்னச் சின்னக் கட்டைகள், இளகிய பக்கச் சுவர் கொண்டது. ட்ரையல்ஸ் போட்டி வண்டிகளில் பின்சக்கரத்துக்கு ட்யூப் இல்லாமல் 4, 5 பிஎஸ்ஐ காற்றே வைக்கிறார்கள். ஈரமான மரவேர் மீது அது ஏறும்போது குனிந்து பார்த்தால், ரப்பர் வேரைச் சுற்றி மடிந்து அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்வது தெரியும். வேறெந்த டயரும் இப்படிச் செய்வதில்லை. விலை கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு: வேகமான வளைவில் பக்கச் சுவர் மடங்கித் தள்ளாடும், இளகிய இறக்கத்தில் பிரேக் பிடித்தால் கடித்து நிற்க விளிம்புகள் போதாது, ஈரக் களிமண்ணில் கையை விரித்துவிடும்.

மென்ரப்பர் எண்டூரோ டயர், எண்டூரோ பட்டன் அமைப்பை ட்ரையல்ஸ் போன்ற ரப்பரில் வார்த்தது. பாறையில் ட்ரையல்ஸ் டயருக்கு ஒரு படி கீழேதான். ஆனாலும் பட்டனுக்கு விளிம்பு இருப்பதால் மண் வந்தால் ஓரளவு தோண்டும். சீக்கிரம் தேயும் என்பது இதன் பெரிய குறை. இடையிடையே தார்ச்சாலையில் ஓட்டுபவர்களுக்கு அது கண்ணெதிரே கரையும். எஃப்ஐஎம் எனப்படும் சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பின் எண்டூரோ விதிகள் பின்டயர் பட்டனின் உயரத்தை 13 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவதால், அந்தப் போட்டிகளுக்கான டயர்களில் ரப்பர் கலவைக்கு முக்கியத்துவம் கூடிவிடுகிறது.

பாதை முழுக்கப் பாறையும் வேரும்தான், வேகமும் குறைவு என்றால் ட்ரையல்ஸ் டயரை எடுப்பேன். நடுவில் ஒரே ஒரு மண் ஏற்றம் இருந்தாலும் மென்ரப்பர் எண்டூரோ. வருடம் முழுக்க ஒரே டயர், எல்லாத் தரையும் என்பவருக்கு நடுத்தர டயர்தான். எதிலும் முதலிடம் வராது, எதிலும் கைவிடாது.

18 அங்குலமா, 19 அங்குலமா?

மேடுபள்ளத் தடத்தில் சுற்றிவரும் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வண்டிகளின் பின்ரிம் பெரும்பாலும் 19 அங்குலம், எண்டூரோவுக்கு 18. டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 110/90-19 டயரின் பக்கச் சுவர் உயரம் 99 மில்லிமீட்டர், 110/100-18 டயருக்கு 110. கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர்தான். வித்தியாசம், பாறைக்கும் ரிம்முக்கும் நடுவே கூடுதலாகக் கிடைக்கும் அந்த 11 மில்லிமீட்டர். கல்லில் மோதும்போது ரிம் நசுங்காமல், ட்யூப் நறுக்கப்படாமல் காப்பது அதுதான். தாவிக் குதிக்கும் பந்தயத் தடத்தில் குட்டையான சுவர் நெளியாமல் நிற்பதால் 19 அங்கே பொருந்துகிறது.

காற்றைச் சரியாக வைக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ட்யூப் போட்ட பின்சக்கரத்துக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ பாதுகாப்பான தொடக்கம். பாறையில் அதற்கும் கீழே இறக்கினால் பிடிப்பு கூடும், ட்யூப் ரிம்மில் சிக்கி வெட்டுப்படும் அபாயமும் கூடும். மூஸ் எனப்படும் நுரை வளையத்தைப் போட்டால் பஞ்சர் என்ற கவலையே இல்லை. ஆனால் அழுத்தத்தை மாற்ற முடியாது, நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் சூடேறிக் கெடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் மட்டும் எந்த ட்யூப் சக்கரத்திலும் தவறக் கூடாது. அது இல்லாமல் காற்றைக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, வால்வைப் பிடுங்கிவிடும்.

பின்டயரை மாற்றும் நாள் எது என்பதைப் பட்டனின் உயரத்தைவிட முன்விளிம்பு சரியாகச் சொல்லும். புதிதில் அது கத்திபோலக் கூர்மையாக இருக்கும். மழுங்கி உருண்டுவிட்டால், உயரம் பாதிக்குமேல் மிச்சமிருந்தாலும் தோண்டாது. பக்கச் சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால், கழற்றித் திருப்பிப் போடுங்கள். இதுவரை பின்னால் இருந்த கூர்மையான விளிம்பு முன்னுக்கு வந்து, இன்னும் சில வாரங்களுக்கு நன்றாக உழைக்கும்.