ஜிபிஎஸ் இல்லாமல் டவர் தரவில் இடம் கணிப்பது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆண்ட்ராய்டு போனில் செல் (டவரின் ஓர் ஆன்டெனா சேவை தரும் பகுதி) விவரங்களைப் பதிவுசெய்து, ஓப்பன்செல்ஐடி என்ற திறந்த செல் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்கும் முறை பற்றியது இது. ஒரு வட்டாரம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு நன்றாகவே உதவும். கதவு எண் வரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பலரும் சறுக்கும் இடம், தரவில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை டவர் நிற்கும் இடம் என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலான வரிகளில் (ஒரு செல்லுக்கு ஒரு வரி) அது, அந்த செல்லைப் பிடித்த போன்கள் இருந்த இடங்களின் சராசரி. பதிவுகள் அதிகம் வருவது சாலையிலிருந்து என்பதால் புள்ளியும் சாலைப் பக்கம் சாய்ந்திருக்கும். சாம்பிள் (பதிவு) எண்ணிக்கை ஒன்றிரண்டுதான் என்றால் அந்த வரியை ஒதுக்கிவிடலாம்.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. எல்டிஇ (4ஜி) செல் எண்ணை 256-ஆல் வகுக்கவும். 12345611 என்றால் ஈவு 48225, அது டவர் நிலையத்தின் எண்; மீதி 11, அந்த நிலையத்தில் உள்ள செல். ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஒரே ஈவு வரும் செல்கள் எல்லாம் ஒரே நிலையத்தைச் சேர்ந்தவை. மூன்று திசை செக்டர்களும் (திசைக்கு ஒன்றாக டவர் தரும் செல்கள்) தரவில் இருந்தால், அவற்றின் மையங்களைச் சராசரி எடுங்கள்; டவருக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். ஒரு செக்டர் விடுபட்டாலும் கணக்கு ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது டைமிங் அட்வான்ஸ்: சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து டவரிலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும் எண். எல்டிஇ-யில் ஒரு படி சுமார் 78 மீட்டர், ஜிஎஸ்எம்-மில் (2ஜி) சுமார் 550 மீட்டர். எல்டிஇ மதிப்பு 12 என்றால் தூரம் ஏறக்குறைய 940 மீட்டர். ஆனால் 120 பாகை செக்டரில் அந்தத் தூரத்தில் வரையும் வில்லின் நீளமே 2 கி.மீ. வரும்! கட்டடங்களில் எதிரொலித்து வரும் சிக்னல் தூரத்தைக் கூட்டியே காட்டும். போன் சும்மா கிடக்கும்போது இந்த மதிப்பே கிடைக்காமல் போகலாம். டேட்டா ஓடவிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் எப்போதுமே வராது.

செல் எண் 2147483647 என்று வந்தால் 'விவரம் இல்லை' என்று பொருள். அக்கம்பக்க செல்களுக்கு இது சகஜம். ஆண்ட்ராய்டு 10 முதல் சேமித்து வைத்த பழைய விவரமே திரும்ப வரக்கூடும். எனவே புதுப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள், நேர முத்திரையையும் பாருங்கள். லொகேஷன் அணைந்திருந்தால் எதுவும் கிடைக்காது.

அசையாமல் இருக்கும் போன்கூட இரண்டு செல்களுக்கிடையே மாறி மாறித் தாவும். வரைபடத்தில் அது நடமாட்டமாகத் தெரியும். அ-ஆ-அ என்று சில நிமிடங்களுக்குள் திரும்பும் தாவல்களை ஒரே இடமாகச் சேர்த்த பிறகே பாதை வரையவும்.