பதின்வயதுத் தலைச்சுற்றல்: பணம் கட்டும் முன் பிள்ளையை நிற்க வைத்து நாடி பார்க்கச் சொல்லுங்கள்

பிள்ளைக்குக் காரணம் தெரியாமல் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, அவ்வப்போது மயங்கி விழுகிறாள் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்தப் பயத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் இடங்கள் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் என் பெற்றோர் தங்கள் சேமிப்பைக் கொட்டினார்கள். நான் ஒரு பள்ளி ஆண்டின் பெரும்பகுதியைப் படுக்கையில் இழந்தேன். இதைப் படிக்கும் ஒரு குடும்பமாவது கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து வெளியே வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. உட்கார்ந்திருந்து எழுந்தால் பார்வையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே உள்நோக்கி வரும். காதுக்குள் இரைச்சல் கேட்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். காலை நேரத்தில் மோசம். வெந்நீரில் குளித்தாலும் வெயிலில் வரிசையில் நின்றாலும் இன்னும் மோசம். படுத்தால் அடங்கிவிடும். அறை சுழன்றதே இல்லை. விழப்போகிறேன் என்ற உணர்வுதான் வரும். போன இடத்திலெல்லாம் இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நின்றால் வருகிறது, படுத்தால் போகிறது: ஒரு நோயாளி இதைவிடத் தெளிவாகத் துப்புக் கொடுக்க முடியாது. ஆனால் அதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சாப்பாடு போதவில்லை, பரீட்சைப் பயம் வேறு என்றார். அடுத்தவர் என் பக்கம் திரும்பாமலே அம்மாவிடம், "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இந்த வயதுப் பெண்கள் இப்படியெல்லாம் செய்வார்கள்" என்றார். இருவருமே சின்னாரிசின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். அது உள்காதுக் கோளாற்றால் வரும் சுழற்சியை அடக்குவதற்கான மருந்து. என் காதை இருவருமே சோதிக்கவில்லை. அந்த மாத்திரை தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழ ஆரம்பித்தேன். அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

இந்த நிலையில்தான் "தலைச்சுற்றலுக்கு நிரந்தரத் தீர்வு, முழு குணம் உத்தரவாதம்" என்ற ஒரு சிகிச்சை மையத்தின் விளம்பரம் அப்பாவின் கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பெயர் மாறினாலும் நடைமுறை மாறுவதில்லை. அதனால் நடைமுறையைச் சொல்கிறேன்.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் எங்களை உள்ளே அழைத்தார். அவரை "ஆலோசகர்" என்றார்கள். நீங்கள் மருத்துவரா என்று அப்பா கேட்டதற்கு, "எங்கள் மருத்துவக் குழு எல்லாவற்றையும் மேற்பார்வையிடுகிறது" என்று பதில் வந்தது. என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, விரல்களிலும் கணுக்காலிலும் கவ்விகளை மாட்டி ஒரு கருவியோடு இணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஓர் அறிக்கை வந்தது. அதில் "நரம்பு வலு" பாதிக்கும் கீழே இருந்தது. "மூளை ரத்த ஓட்டம்" சிவப்புக் கட்டத்தில் இருந்தது. அந்த எண்களுக்கு அலகு என்ன, இயல்பான அளவு எது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுத்து கழுத்து எக்ஸ்ரே. எலும்பின் வளைவு நேராகிவிட்டது, தேய்மானம் தொடங்கிவிட்டது, நரம்பு நசுங்குகிறது, இப்போதே கவனிக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்றார் ஆலோசகர். என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, என் அம்மாவிடம் சொன்னார். எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் எக்ஸ்ரேயில் கழுத்து வளைவு நேராகத் தெரிவது சாதாரணம், படம் எடுக்கும்போது தலையை வைத்திருக்கும் விதமே அதற்குப் போதும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பிறகு மேசைமேல் கட்டணத் திட்டங்கள் விரிந்தன. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இன்று கட்டினால் சலுகை, நாளை வந்தால் கிடையாது. யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா எழுந்ததும் மேலாளர் வந்து கதவைச் சாத்தினார். "பிள்ளையைவிடப் பணம் முக்கியமா சார்?" என்று கேட்டார். அப்பா அந்தக் கேள்விக்குத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களிடம் வைத்தியம் இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கழுத்துப் பட்டை, கழுத்தை இழுக்கும் கருவி, மின் அதிர்வு, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத புட்டியில் "நரம்பு ஊட்டச் சொட்டு" என்று சிகிச்சை தொடங்கியது. கூடவே ஒரு கட்டளையும் வந்தது: ஓடக் கூடாது, விளையாடக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும். போன பணத்தைவிட இந்தக் கட்டளைதான் எனக்குப் பெரிய கேடு செய்தது. நீண்ட நாள் படுத்தே இருந்தால் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு குறைகிறது, கால் தசைகள் தளர்கின்றன, இதயமும் பழக்கம் விட்டுப்போகிறது. எப்போதாவது மயங்கி விழுந்துகொண்டிருந்த நான், கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தேன். அதை மையத்தில் சொன்னபோது, கழிவு வெளியேறுகிறது, மோசமாகித்தான் குணமாகும் என்று சொல்லித் திட்டத்தை நீட்டிக்கச் சொன்னார்கள்.

என் அத்தை சண்டை போட்டுத்தான் என்னை வேறொரு பொது மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த மருத்துவர் அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு என்னிடமே கேட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறாயா? படுத்திருக்கும்போது மயக்கம் வந்திருக்கிறதா? பிறகு அப்பாவிடம், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். எதற்கும் இல்லை என்றோம். ஒன்றுக்கு ஆம் என்றிருந்தாலும் இன்றே இதய மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். உடற்பயிற்சியின் நடுவில் வரும் மயக்கமும், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுவதும் இதயத்தின் மின் ஓட்டக் கோளாறாக இருக்கலாம், இதயத் தசைத் தடிப்பாக இருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

உடனே இ.சி.ஜி. எடுத்தார். சில நிமிட வேலை. மயங்கி விழும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை அது. அதுவரை போன எந்த இடத்திலும் அதை எடுக்கவில்லை. எனக்கு ஆபத்தான இதய நோய் இல்லாதது என் நல்வினை. இருந்திருந்தால் கழுத்துப் பட்டையோடு போயிருப்பேன். இதை நினைக்கும்போது இன்றும் ஆத்திரம் அடங்குவதில்லை.

அடுத்ததாக என்னைக் கட்டிலில் சில நிமிடம் அசையாமல் படுக்க வைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார். துடிப்பு 74. பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். பேசக் கூடாது, காலை அசைக்கக் கூடாது. விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஒரு செவிலியர் நின்றார். ஒவ்வொரு நிமிடமும் அளந்து எழுதினார். ஐந்தாவது நிமிடத்தில் 118, எட்டாவதில் 126. ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. பாதங்கள் ஊதா கலந்த சிவப்பாக மாறியிருந்தன. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும்தான் தேவைப்பட்டன. அத்தனை நாளும் என்னைப் பரிசோதித்தவர்கள் எல்லோரும் நான் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போதுதான் பார்த்தார்கள். நின்றால் வரும் நோயை நிற்க வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். யாராக இருந்தாலும் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி அதை ஈடுசெய்ய வேண்டும். போதிய அளவு சுருங்காவிட்டால் இதயம் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி நீடிப்பது பெரியவர்களுக்கான அளவுகோல். 12 முதல் 19 வயது வரை அது 40. ரத்த அழுத்தம் பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது, தொந்தரவு மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், வேறு காரணமும் இருக்கக் கூடாது. இதற்குப் பாட்ஸ் (POTS) என்று பெயர்; நிற்கும்போது இதயத் துடிப்பு அளவுமீறிக் கூடும் கோளாறு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1993இல் இந்தப் பெயரில் விவரித்த கோளாறு இது. பெண்களுக்கே அதிகம் வருகிறது, பதின்வயதில் தொடங்குவதும் சாதாரணம். படபடப்பும் நடுக்கமும் சேர்ந்து வருவதால் பதற்ற நோய் என்று பலரை அனுப்பிவிடுகிறார்கள். "இவள் நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்தால் அல்ல, நடிப்பும் அல்ல" என்று அவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபினும் இயல்பு. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் வற்றிப்போயிருக்கலாம். அதனால் ரத்தசோகை இல்லை என்ற ஒரு வரியோடு திருப்தி அடையாதீர்கள், ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கிடைத்த சிகிச்சையில் மர்மம் எதுவும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை, நிறையத் தண்ணீர், அவர் குறித்துக் கொடுத்த அளவில் கூடுதல் உப்பு, இறுக்கமான நீள் காலுறை. உப்பை நீங்களாகக் கூட்டாதீர்கள்; சிறுநீரகக் கோளாறும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது உடற்பயிற்சி. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்தபடி, கடைசியில் நின்றபடி என்று மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மையத்தில் சொன்னதற்கு இது நேர் எதிர். பலன் ஒரே வாரத்தில் தெரியவில்லை, இடையில் மோசமான நாள்களும் வந்தன. ஆனால் பள்ளிக்குத் திரும்பினேன், பிறகு ஓடவும் செய்தேன்.

எல்லாத் தலைச்சுற்றலும் பாட்ஸ் அல்ல. சட்டென்று எழுந்ததும் ஓரிரு நொடி கண் இருட்டி உடனே தெளிவது வளரும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவதுதான். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கான டிக்ஸ் ஹால்பைக் சோதனை 1952 முதல் இருக்கிறது, ஒரு கட்டிலும் மருத்துவரின் இரண்டு கைகளும் போதும். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் சுழற்சியும் உண்டு. இப்படிக் காரணங்கள் பல இருப்பதால்தான், கேள்வி கேட்காமல் முதல் நாளே ஒரே காரணத்தைச் சொல்லி ஒரே திட்டத்தை விற்பவரை நம்பக் கூடாது என்கிறேன். பரிசோதிப்பவரின் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கருவி எதை அளக்கிறது, இயல்பான அளவு எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். அதிலும், குணம் உத்தரவாதம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அங்கே நிற்கவே வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கட்டிய தொகை எக்காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. எக்ஸ்ரே படத்தைக்கூடக் கொடுக்க மறுத்தார்கள். அப்பா எழுத்துமூலம் கேட்டு, மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பில் புகார் செய்வேன் என்று குறிப்பிட்ட பிறகுதான் அறிக்கை நகல்களும், நாங்கள் போகாத நாள்களுக்கான தொகையில் ஒரு பகுதியும் வந்தன. எனவே வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள்; ரசீது, ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள், விளம்பரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு திட்டத்தின் நடுவில் இருப்பவர்கள், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வேறொரு மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துப் போய் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் நாடி பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கொடுத்த மாத்திரைகளையும் சொட்டு மருந்துகளையும் அட்டையோடும் புட்டியோடும் எடுத்துப் போங்கள். பிள்ளையின் உடம்புக்குள் என்னவெல்லாம் போயிருக்கிறது என்பது அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.